ஓடும் ரயிலா, ஓய்ந்த ரயிலா? அமைதியான காட்டுக்கு நாலு வழிகள்

தங்கை போன மாதம் போனில் கேட்டாள். "அண்ணா, அப்பா அம்மாவை ரெண்டு நாள் எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும். காடா இருக்கணும், கூட்டம் இருக்கக் கூடாது. அப்பாவுக்கும் நம்ம பயலுக்கும் ரயில் இருந்தாத்தான் முகம் மலரும். பேசாம ஊட்டி போயிடுவோமா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரம் ஆனது. ஊட்டி என்று அவள் சொன்னதும் எனக்குள் ஒரு தயக்கம். அதற்குக் காரணம் தேடப் போய், ஏற்கெனவே நான் தனியாகவும் நண்பர்களோடும் போன நாலு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலையாகிவிட்டது. நாலுமே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கின்றன. இரண்டில் ரயில் இன்னும் ஓடுகிறது. இரண்டில் ஓய்ந்துவிட்டது.

யாருக்காகப் பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, அந்தக் கூட்டத்துக்குத் தலைவரான 'மேட்' ஆக ஓய்வு பெற்றவர். வேலை பார்த்ததில் பாதிக் காலம் செங்கோட்டை மலைப்பாதையில், ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இருந்த மீட்டர்கேஜ் நாட்களில். இப்போது எழுபத்தாறு வயது. வலது முழங்கால் படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கும். அம்மாவுக்கு ஒரே கோரிக்கை, சுத்தமான கழிப்பறை. பயலுக்குப் பத்து வயது, சத்தத்தை வைத்தே டீசல் எஞ்சினா கரண்டு எஞ்சினா என்று சொல்லுவான். உங்கள் வீட்டு ஆட்கள் வேறு மாதிரி இருந்தால் முடிவும் வேறு மாதிரிதான் வரும்.

காடு, ரயில், அமைதி மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது கஷ்டம். ரயில் நன்றாக ஓடுகிற இடத்துக்கு நம்மைப் போல நாலாயிரம் பேர் வருவார்கள். ரயில் நின்றுபோன இடத்தில் காடு தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். அங்கே பயலிடம் காட்டுவதற்கு ஒரு தூணும் துருப்பிடித்த இரும்பும்தான் மிஞ்சும். எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஊட்டியை முதலில் பார்த்துவிடலாம், தங்கை கேட்டது அதைத்தானே. நீலகிரி மலை ரயிலைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. 1854-லேயே பேச்சு ஆரம்பித்து, 1891-ல் வேலை தொடங்கி, 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் வந்த பாதை. மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி உதகையில் 2,203 மீட்டரில் போய் நிற்கும். நடுவே 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு பல்சட்டம் வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம், சாதாரண ரயிலால் நினைத்துப் பார்க்க முடியாத சரிவு. இந்தியாவில் இப்படி ஏறுகிற ரயில் இது ஒன்றுதான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அப்பாவுக்கு இதில் பிடித்தது வேறு விஷயம். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். "அவன் கைதான்டா வண்டியைக் காப்பாத்துது, எஞ்சின் இல்ல" என்று ஒருமுறை டிவியில் பார்த்தபோது சொன்னார். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு என்று ஆங்கிலேயர் வைத்த பெயர்களோடு காட்டுக்குள் சின்னச் சின்ன நிலையங்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது நாமும் இறங்கி நிற்கலாம்.

சரி, அப்புறம் என்ன தயக்கம்? அமைதி கிடையாது. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நீராவி வண்டிக்கு முன்பதிவு திறந்த அன்றே கைவைக்காவிட்டால் இடம் இல்லை. நான் போனபோது ஜன்னலோரம் மூன்று பேர் போனை நீட்டியபடி நின்றதால் எதிர்ப்பக்கத்துப் பாறையைத்தான் மணிக்கணக்கில் ரசித்தேன். ஒவ்வொரு சுரங்கத்திலும் பெட்டி முழுக்க ஊளையிட்டது. அது ஒரு திருவிழா, அதற்கென்று ஒரு சந்தோஷம் உண்டு, பயல் துள்ளுவான். ஆனால் ஹில்குரோவில் இறங்கிக் காட்டின் சத்தத்தைக் கேட்கலாம் என்று நினைத்தால் குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கும் சத்தம்தான் கேட்கும். இறங்கிய நிலையத்திலேயே இருந்துவிடவும் முடியாது. தண்டவாளத்தோரம் நடப்பது குற்றம், யானை நடமாட்டமும் உண்டு. மேலே போனால் உதகை, அதைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல. காரில் போனால் 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

அமைதியாக இதைப் பார்க்க எனக்குத் தெரிந்து ஒரு குறுக்கு வழிதான் உண்டு: ரயிலில் ஏறாமலே இருப்பது. காலையில் கல்லாறு பக்கம் போய், வண்டி புகையோடு மலையைத் தொடுவதைக் கீழிருந்து பார்த்தால் போதும். இதை அப்பாவிடம் சொன்னால், ரயிலைப் பார்க்க வந்து ரயிலில் ஏறாமல் போவதா என்று திட்டுவார்.

மூணாறைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நாலு இடங்களிலும் கேட்க மிக அருமையான கதை அதுதான். பார்க்கப் போனால் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுதான். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-ல் அதை இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 ஜூலை வெள்ளம் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். பிறகு யாரும் அந்தப் பாதையைத் திரும்பப் போடவில்லை.

இன்று மிஞ்சியிருப்பது ஒரு பழைய நிலையக் கட்டடம், அதில் தேயிலைக் கம்பெனி அலுவலகம் நடக்கிறது. அப்புறம் பெயர்கள். டாப் ஸ்டேஷன், மலைச்சரிவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊர். ரயிலே தெரியாத ஊர்களுக்கு ஸ்டேஷன் என்று பெயர் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் தெரிவது காடு இல்லை, தேயிலை. சனி ஞாயிறுகளில் டாப் ஸ்டேஷன் சாலையில் கார்கள் நகராது. குரங்கணியிலிருந்து காட்டு வழியாக நடந்து ஏறுவது அமைதியான வழிதான். ஆனால் 2018 மார்ச்சில் அந்தச் சரிவில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. கோடையில் அனுமதி கொடுத்தாலும் நான் போக மாட்டேன். போடிக்கு 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது என்பது மட்டும் ஒரு நல்ல செய்தி. இருந்தாலும் எழுபத்தாறு வயது முழங்காலை வைத்துக்கொண்டு இதற்கு மேல் பேசுவதில் அர்த்தமில்லை.

மிஞ்சியது இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான்.

பரம்பிக்குளத்தை நான் மனசார நேசிக்கிறேன், அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். கேரளத்துப் புலிகள் காப்பகம், ஆனால் சாலை வழி தமிழ்நாட்டின் வழியாகத்தான். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று ஏறி, ஆனப்பாடியில் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். டாப்ஸ்லிப் என்ற பெயரே மரம் வெட்டிய கதைதான். வெட்டிய தேக்கு மரங்களை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். உருட்டி உருட்டி மொட்டையான மலையில் மறுபடி தேக்கு நட்டவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் மண்ணில் குழி போட்டுக் குழி போட்டு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்தவரின் கல்லறை டாப்ஸ்லிப்பில் அந்தத் தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது.

அது சென்னை மாகாணத்துப் பக்கம். மலையின் அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம். அங்கே தேக்கு ஏராளம், வெளியே கொண்டுவர வழி இல்லை. ராஜா ராமவர்மாவின் காலத்தில், 1907-ல், பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை காட்டுக்குள்ளேயே ஒரு டிராம்வே ஓடத் தொடங்கியது. கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், மீட்டர்கேஜ். இதே ராஜாதான் ஷொறணூர்–எர்ணாகுளம் ரயில்பாதைக்குப் பணம் போதாமல் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று சொல்வார்கள். ரயில் பைத்தியம் பிடித்த ராஜா! அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நல்ல மனுசன்" என்றார்.

அந்த டிராம்வேயில் என்னை அசத்துவது அது மலை இறங்கிய முறை. சமதளத்தில் ஜெர்மன் எஞ்சின்கள் இழுத்தன. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் கிடையாது, வடக்கயிறுதான். மரம் ஏற்றிய பெட்டி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அதே கயிற்றின் மறுமுனையில் கட்டிய காலிப் பெட்டி மேலே ஏறும். மேலே ஒருவர் பிரேக் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவார். கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பது மாதிரி. கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மரமே தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சாலக்குடியிலிருந்து அந்தத் தேக்கு கொச்சித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியது. 1963-ல், நஷ்டக் கணக்கு பார்த்து, மூடிவிட்டார்கள்.

மரத்துக்காகப் போட்ட இந்தப் பாதை பறவைகளுக்கும் உதவியிருக்கிறது. 1933-ல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது குரியார்குட்டியில் தங்கினார். அந்தக் காட்டுக்கு அப்போது இருந்த வழி இந்த டிராம்வேதான். இன்று குரியார்குட்டிப் பக்கம் வனத்துறை ஆளோடு போனால் டிராம்வே காலத்துப் பாலத்தின் மிச்சத்தைப் பார்க்கலாம். எனக்கு வழிகாட்டியாக வந்தவர் காடர் இனத்துப் பெரியவர். ஓரிடத்தில் நின்று, "இதுதான் லைன்" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான், காட்டுக்குள் ஒரு கோடு மட்டும் ஏறாமல் இறங்காமல் வளைந்து போவது கண்ணில் பட்டது. மேலே மூங்கில், அதற்குள் யானை லத்தி. தூரத்தில் ஒரு மலை இருவாட்சி பறந்துபோகும் இறக்கைச் சத்தம் நீராவி எஞ்சின் மூச்சு விடுவது மாதிரியே இருந்தது. அந்த அரைமணி நேரத்தில் வேறு சத்தமே இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போதே கிளம்பிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் நம் ஆட்களை வைத்துப் பார்க்க வேண்டும். காட்டுக்குள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, வனத்துறை வண்டி, வனத்துறை வழிகாட்டி, அவர்கள் சொல்லும் நேரம். இது சரியான ஏற்பாடுதான், இந்த அமைதி அதனால்தான் இன்னும் இருக்கிறது. தங்குவதும் வனத்துறையின் கூடாரங்களிலும் மரக்குடில்களிலும்தான், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முதல் தடவை நான் பொள்ளாச்சியில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து நேரத்தைக் கோட்டைவிட்டு, வாசல் அடைத்த பிறகு போய் நின்று, வந்த வழியே திரும்பியிருக்கிறேன். தப்பு என்னுடையது. பயல் கன்னிமாரா தேக்கைப் பார்த்தால் வாய் பிளப்பான். ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற மரம், உலகத்தில் உயிரோடு இருக்கும் பெரிய தேக்குகளில் ஒன்று. அம்மா சமாளித்துவிடுவாள். பிரச்சினை அப்பாதான். அவருக்குக் காலால் தட்டிக் காட்டும் லைன் போதாது. ஜல்லி வேண்டும், தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கீ வேண்டும், வண்டி வந்து போன பிறகு தண்டவாளத்தில் காதை வைத்தால் கேட்கிற அந்த முனகல் வேண்டும்.

அப்படியானால் செங்கோட்டை. நேர்மையாகச் சொன்னால், அப்பா வேலை பார்த்த இடம் என்பதாலேயே இதைக் கடைசிக்குத் தள்ளினேன். சொந்தப் பாசம் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது இல்லையா.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைப்பதற்காகப் போட்டது, 1904 நவம்பரில் திறந்தது. அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது, 1956-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. கொல்லம் பக்கம் ஓடவேண்டிய முதல் எஞ்சினைக் கொண்டுபோக ரயில்பாதை இல்லாததால், பாகம் பாகமாகப் பிரித்துத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்பினார்கள் என்று கதை உண்டு. மீட்டர்கேஜ் காலத்தில் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ள, வண்டி மலை ஏறும். 2010 செப்டம்பரில் அந்த வண்டிகள் நின்றன. எட்டு வருஷம் வெறும் மண். 2018-ல் பிராட்கேஜாக, அதாவது அகலப்பாதையாகத் திரும்பியது. கடைசி மீட்டர்கேஜ் வண்டி போன அன்று அப்பா வீட்டில் யாரோடும் பேசவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

வண்டி செங்கோட்டையை விட்டதும் வயலும் தென்னையும். பகவதிபுரம் தாண்டியதும் சுரங்கம், முக்கால் கிலோமீட்டருக்கு மேல். உள்ளே தமிழ்நாடாக நுழைந்து வெளியே கேரளமாக வருவோம். வெயிலில் நுழைந்து மழையில் வெளிவந்த நாட்கள் உண்டு. ஆரியங்காவு, இடப்பாளையம், கழுத்துருட்டி, தென்மலை என்று காட்டு நிலையங்கள். கழுத்துருட்டியில் பதிமூணு கண் பாலம் வரும். கருங்கல் தூண்கள், அரைவட்ட வளைவுகள், நூறு மீட்டர் நீளம். பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை, அதற்கும் கீழே ஆறு. மீட்டர்கேஜுக்குக் கட்டிய அதே பாலத்தைப் பலப்படுத்தித்தான் இன்றைய வண்டிகளை விடுகிறார்கள். "ஒரு மீட்டருக்குக் கட்டினது, ஒண்ணே முக்கால் மீட்டரைத் தாங்குது பாரு" என்பார் அப்பா. கணக்குப் பார்த்தால் 1.676 மீட்டர்தான், அவரிடம் திருத்தம் சொல்ல முடியாது.

அமைதி எப்படி? இங்கேதான் எனக்கே ஆச்சரியம். நீலகிரி ரயிலுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறார்கள். இந்தப் பாதையில் ஓடுவது சாதாரண வண்டிகள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், முந்திரி மூட்டை, பள்ளிக்கூடப் பை. யாரும் சுரங்கத்தில் ஊளையிடுவதில்லை, அசந்து தூங்குவார்கள். நாள் முழுக்கக் கைவிரல் அளவுக்குத்தான் வண்டிகள். ஒரு வண்டி போனால் அடுத்தது வரும்வரை தென்மலை நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், காட்டின் சத்தம் திரும்பி வரும். பக்கத்துச் செந்துருணிச் சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்ததே செங்குறிஞ்சி மரம்தான், இந்தத் தெற்கு மலைகளில் மட்டும் வளர்வது. கல்லடை ஆற்று அணையின் நீர்ப்பரப்பில் வனத்துறைப் படகு. காட்டின் ஆழத்தில் பரம்பிக்குளத்தோடு இதை ஒப்பிட முடியாது, நெடுஞ்சாலை லாரிச் சத்தம் சில இடங்களில் கேட்கத்தான் செய்யும். ஆனால் அப்பா நடக்க வேண்டியது நிலையத்து நடைமேடை அளவுதான். அம்மாவுக்குத் தென்மலையில் சுத்தமான விடுதிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து தங்கை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் செங்கோட்டை, வேறெங்கும் மாற வேண்டாம்.

மாதம்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். செங்கோட்டை வரை கூட்டம் வழியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை மூன்றுமே சாஸ்தா கோயில்கள் என்பதால் அந்த இரண்டு மாதம் சாலையும் ரயிலும் நிரம்பியிருக்கும். மார்ச்சுக்குப் பிறகு காடு காய்ந்து, பாலருவியில் தண்ணீர் இருக்காது. ஆக, ஓணம் விடுமுறையைத் தவிர்த்த செப்டம்பர், ஐப்பசி, இல்லையென்றால் தை கடைசி. அதுவும் செவ்வாய், புதன். ஐப்பசியில் நீலகிரிப் பாதையில் மண்சரிவால் வண்டியை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு என்பதும் இந்தப் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண். பகலில் மலையைக் கடக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலருவி எக்ஸ்பிரஸ் பெயரைப் பார்த்து ஏமாந்து ஏறினால் அருவி, காடு, பாலம் எல்லாம் இருட்டில் போய்விடும். பிற்பகலில் கடக்கும் மதுரை–குருவாயூர் வண்டியோ, கொல்லத்திலிருந்து பகலில் சென்னை கிளம்பும் வண்டியோ நல்லது. நேரம் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

புனலூர் வரை போனால் 1877-ல் கட்டிய தொங்கு பாலத்தையும் பார்க்கலாம். தங்கைக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் கொல்லம், வர்க்கலை என்று நீட்டிவிடுவாள், இரண்டு நாள் நான்கு நாளாகும்.

முடிவைத் தங்கையிடம் சொன்னேன். அக்டோபரில், செவ்வாய் காலை செங்கோட்டை, பிற்பகல் வண்டியில் தென்மலை, இரண்டு ராத்திரி அங்கே, வியாழன் பகல் வண்டியில் திரும்பி வருவது. நீலகிரிக்குப் பயலை மட்டும் கூட்டிக்கொண்டு அவன் கோடை விடுமுறையில் நான் போகிறேன், ஊளையிட நாங்கள் இருவர் போதும். பரம்பிக்குளத்துக்கு எவரையும் கூட்டிப்போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. நடக்கத் தெம்பும், வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கமும் உள்ள ஒரு நண்பன் கிடைத்தால் ஜனவரியில் பார்க்கலாம். மூணாறுக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் அந்த நிலையக் கட்டடத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

"சரி, ஊட்டி வேண்டாம்" என்றாள் தங்கை. "அப்பாகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் எந்த ஓரம் இடம் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். பகல் வண்டிதானே, மாறி உட்கார்ந்துகொள்ளலாம் என்றேன். அவருக்கு வேண்டியது வேறு. பகவதிபுரம் சுரங்கத்துக்குள் போகும்போது பயல் சத்தம் போடக் கூடாதாம், போனில் டார்ச் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே அடித்துக் காட்ட வேண்டுமாம். வண்டி வரும்போது கேங்மேன்கள் சுவரோடு ஒதுங்கி நிற்கும் மாடக்குழிகள் உள்ளே உண்டு. அகலப்படுத்தினபோது அதையெல்லாம் திரும்ப வைத்தார்களா, எத்தனை வைத்தார்கள் என்று அவர் எண்ண வேண்டும்.